விளக்கின் மேல் ஒட்டிய பிளாஸ்டர்

ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் நான் செய்த வேலை பற்றி ஊரில் மூன்று கதைகள் உலாவுகின்றன. முதலாவது, மெசின் விற்க வந்த கம்பனியிடம் நான் கொமிசன் கேட்டேன், அவர்கள் தரவில்லை. இரண்டாவது, பென்சன்காரனுக்குப் புதிய சாமான் விளங்காது. மூன்றாவது, அந்த மெசினின் சத்தம் காதில் பட்டு எனக்கு மூளை குழம்பிவிட்டது. மூன்றாவது கதையைப் பரப்பியவர் என் மனைவியின் தம்பி. அந்த மெசினின் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது. அதுதான் அதன் விசேஷம் என்று கம்பனிக்காரரே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என் கதிரையில் இப்போது இருப்பவர் நிஸ்தார். நாற்பதைத் தாண்டியவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவர் வீட்டுக்கு வந்து, "சேர், வாயால சொன்னா நாலாவது கதை ஒண்டும் வரும். எழுதிக் குடுங்க, நான் ஆக்களுக்குக் காட்டுறன்" என்றார். எழுதுகிறேன்.

என் வேலை ஆஸ்பத்திரி மெசின்களைத் திருத்துவது. கல்முனைப் பக்கத்தில் ஒரே அரச ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் செய்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. கொழும்பில் பயிற்சி தந்தார்கள். அங்கே படித்த மெசின்களில் பாதி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. வந்த மெசின்களில் பாதி அங்கே படிக்காதவை. பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

உண்மையில் வேலை பழகியது, அங்கே எனக்கு மேலே இருந்த அருளானந்தம் சேரிடம். கல்முனையில் மெதடிஸ்த கோயிலுக்குப் போகும் குடும்பம். மெலிந்த ஆள். அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு சாமான்: ஒரு டெஸ்டர், ஒரு சுருள் பிளாஸ்டர். காயத்துக்கு ஒட்டும் அதே பிளாஸ்டர்தான். யாரையும் "தம்பி, நீங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் "ஐசே" என்பார். அதற்கு மேல் அவருக்குக் கோபம் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் நடுங்குவோம்.

மேசைக்கு எந்த மெசின் வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, மெசினில் எரியும் விளக்கின் மேல் ஒட்டுவார். பச்சை, சிவப்பு, எல்லா விளக்குக்கும் ஒட்டுவார். அதன் பிறகுதான் சோதனை.

முதல் கிழமையில் நான் காரணம் கேட்டேன்.

"தம்பி, இந்த விளக்கு என்ன சொல்லுது?"

"மெசின் வேல செய்யுது எண்டு சொல்லுது சேர்."

"இல்ல. விளக்குக்குக் கரண்ட் வருது எண்டு சொல்லுது. வேற ஒண்டும் அதுக்குத் தெரியாது. பாவம், அதுட்டப் போய் ஏன் கேக்கிறீங்க?"

இரண்டாவது, அட்டை. ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு அட்டை கட்டித் தொங்கும். சோதித்தவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற இடங்களில் "சரி" என்றோ "திருப்தி" என்றோ எழுதுவார்கள். சேரிடம் அந்தச் சொற்களுக்கு அனுமதி இல்லை. என்ன செய்தாய், என்ன கண்டாய், அதை மட்டும் எழுத வேண்டும். சளி உறிஞ்சும் மெசின் என்றால், "வாளியில் குழாயை விட்டேன். ஒரு லீற்றர் தண்ணீரை நாற்பது செக்கனில் இழுத்தது." இவ்வளவுதான். ஒருமுறை ஒரு மெசினின் அட்டையில் நான் "பூரண திருப்தி" என்று எழுதிவிட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆருக்குத் திருப்தி? மெசினுக்கா?" என்று கேட்டார். அட்டையைக் கிழித்துப் புதிய அட்டை தந்தார்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். காதுக்குக் கேட்காத சத்தத்தோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். பிசியோதெரபிப் பிரிவில் அந்த வகைச் சத்தம் போடும் மெசின் ஒன்று இருந்தது. ஒரு பெட்டி, ஒரு வயர், வயரின் நுனியில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு தலை. தலைக்குள் ஒரு படிகத் தட்டு. கரண்ட் கொடுத்தால் அது செக்கனுக்குப் பத்து லட்சம் தடவை அதிரும். நோயாளியின் தோளிலோ முழங்காலிலோ ஜெல்லைப் பூசி, அதன் மேல் தலையை வைத்து மெதுவாகத் தேய்ப்பார்கள். அதிர்வு உள்ளே இறங்கும்.

ஜெல் எதற்கு என்று பலர் நினைப்பது, வழுக்குவதற்கு. வழுக்குவதற்குத் தேங்காய் எண்ணெய் போதும், அது மலிவும். ஜெல் பூசுவது தலைக்கும் தோலுக்கும் இடையில் காற்று இல்லாமல் செய்ய. கடதாசி அளவு காற்று நின்றால் போதும், சத்தம் முழுதும் அதில் முட்டித் திரும்பிவிடும். சேர் இதை வாயால் விளங்கப்படுத்தவில்லை. ஒரு பேசினில் தண்ணீர் எடுத்தார். தலையைத் தண்ணீருக்கு அடியில் மேல் நோக்கிப் பிடித்தார். தண்ணீர் நடுவில் கொப்பளித்து ஒரு விரல் உயரம் எழும்பியது. தலையை வெளியே எடுத்து என் உள்ளங்கைக்கு நேரே, ஒரு நூல் தள்ளிப் பிடித்தார். ஒன்றும் இல்லை.

"காத்து இதுக்குச் சுவர், தம்பி. கல்லுச் சுவர்."

அந்தப் பேசின் சோதனைதான் அந்த மெசினுக்குரிய சோதனை. அட்டையில், "தண்ணீரில் வைத்தேன். ஒரு விரல் எழும்பியது" என்று எழுத வேண்டும்.

நான் வேலைக்கு வந்து ஆறாவது வருடம் அது நடந்தது. அந்த மெசினின் தலை யாரோ கைதவறவிட்டுக் கீழே விழுந்து, வயரும் அறுந்து, மேசைக்கு வந்தது. சேர் லீவில் இருந்தார். வயரை ஒட்டினேன், ஃபியூஸ் மாற்றினேன். அன்று வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தாங்கி கழுவுகிறார்கள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் அறையில் இருந்தது ஒரே ஒரு பேசின் தண்ணீர். காலையிலேயே ஒழுச் செய்ய, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவ, நான் பிடித்து வைத்தது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஜெல் பட்ட தலையை அதில் முக்கினால் பிறகு அந்தத் தண்ணீரில் ஒழுச் செய்ய மனம் வராது. மெசினைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. நேரம் முடிய மணி அடித்தது. அட்டையில் "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பேசினில் ஒழுச் செய்துகொண்டு பள்ளிக்குப் போனேன்.

பழியைத் தொழுகையின் மேல் போட இதை எழுதவில்லை. பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் கழுத்தளவு தண்ணீர் இருந்தது. அது எனக்கு அப்போதும் தெரியும். அங்கே ஒழுச் செய்யப் போனால் வரிசையில் நிற்க வேண்டும், முன் சஃப்பில், தொழுகையின் முதல் வரிசையில், இடம் கிடைக்காது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் நானும் சொல்ல விரும்புவேன்.

தலைக்குள் இருந்த படிகம் விழுந்ததில் வெடித்திருந்தது. அது அதிரவே இல்லை. விளக்கு எரிந்தது, மணி அடித்தது, ஜெல் பூசினார்கள், தேய்த்தார்கள், துடைத்தார்கள். இப்படி ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், நடந்தது.

சேர் லீவு முடிந்து, பிறகு வேறு ஊருக்குத் தற்காலிகமாகப் போய், ஏழு கிழமை கழித்து வந்தார். வந்த அன்றே அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் "சரி"யைக் கண்டதும் நின்றார்.

"இதில தண்ணியக் காணல்லியே."

பேசின் கொண்டுவரச் சொன்னார். தலையை முக்கினார். தண்ணீர் அசையவில்லை. கண்ணாடி மாதிரி நின்றது. அவர் முகம் அதில் தெரிந்தது, என் முகமும் தெரிந்தது.

"ஐசே" என்றார்.

அந்த ஏழு கிழமையில் மெசினுக்கு வந்தவர்களின் பட்டியலை எடுத்தார். பெரும்பாலானவர்கள் ஓரிரு தடவை வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாள் தவறாமல் வந்திருந்தார். மருதமுனை, ஸுபைதா உம்மா, நெசவு, வலது தோள். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார். கடிதம் அனுப்பலாமே என்றேன். "உங்கட கையெழுத்து. நீங்க போங்க" என்றார்.

சைக்கிளில் போனேன். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சாறனும் சாரியும் நெய்கிற வீடு. தறி அறைக்குள் இருந்தது. அதில் யாரும் இருக்கவில்லை.

"ஆரு நீங்க, ஆஸ்பத்திரியா? எனக்கு நாளைக்குத்தானே டேட்?"

"நாளைக்கு வராதீங்க ராத்தா. அந்த மெசின் வேல செய்யல்ல."

"பழுதாப் போயித்தா? எப்ப?"

"ஏழு கிழமைக்கு முந்தி."

அவர் விரலில் எண்ணினார். இடது கை விரலில். "அப்ப நான் வந்த நாளெல்லாம்?"

"ஓம்."

"விளக்கு எரிஞ்சிச்சே. மணியும் அடிச்சிச்சே."

"விளக்கும் மணியும் நல்லாத்தான் இரிக்கி ராத்தா."

"நான் அந்த நேர்ஸ்புள்ளைட்ட ஒவ்வொரு நாளும் சுகம், சுகம் எண்டு சொன்னனே."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அந்தப் புள்ள முகத்தப் பாத்துக் கேக்குது. இல்ல எண்டு எப்பிடிச் சொல்ற? மறுகா, இவ்வளவு பெரிய மெசின் வெச்சிப் பாக்காங்க. சுகம் வராட்டி என்னிலதான் பிழை எண்டு நெனச்சன்."

பிறகு கேட்டார். "அந்த மெசினப் பாத்து நல்லம் எண்டு சொன்னவனுக்குக் கண் பொட்டையா?"

"நான்தான் பாத்தன் ராத்தா."

என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். "வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். கேத்தலை இடது கையால் தூக்கி ஊற்றினார். வலது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது. முழுதும் குடித்தேன்.

மெசினை நிறுத்தி அவரை வேறு வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். ஊசி, கைப்பயிற்சி. அதற்குள் தோள் இறுகிவிட்டது. கை பாதிக்குத்தான் வந்தது. தறியில் கயிறு இழுக்கிற கை அது. பிறகு அவர் மற்ற வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது சில டொக்டர்மார், அந்த மெசின் நல்ல நிலையில் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது என்கிறார்கள். இருக்கலாம். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. மெசின் செத்தது என்று தெரிந்திருந்தால் ஏழு கிழமைக்கு முன்பே ஊசிக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு பச்சை விளக்கும் என் கையெழுத்தும் அவரை அந்தக் கட்டிலிலேயே வைத்திருந்தன.

இனிக் கம்பனி.

நான் பென்சன் எடுத்த பிறகு அபிவிருத்திக் குழுவில் தொழில்நுட்ப ஆலோசகர் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். பெயர் மட்டும்தான். கூட்டத்துக்குப் போனால் வடையும் தேத்தண்ணியும் கிடைக்கும். தலைவர் லெத்தீப் ஹாஜியார். அரிசி ஆலைக்காரர். ஆஸ்பத்திரிக்கு நிறையச் செய்தவர், அதை மறுக்க மாட்டேன். அவர் கட்டிக் கொடுத்த வெளிநோயாளர் கூரைக்குக் கீழேதான் மழைக்குச் சனம் நிற்கிறது.

அவசர சிகிச்சை வார்டில் ஊசிக் குழாயில் ஏற்றிய மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் தள்ளுகிற பம்புகள் இருக்கின்றன. சுவரில் கரண்ட் இருக்கும்வரை கரண்டில் ஓடும். கரண்ட் போனால், அல்லது நோயாளியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் பெற்றரியில் ஓட வேண்டும். அந்தப் பெற்றரிகள் கிழண்டு போய்விட்டன. சுவரில் பிளக் செருகும் சொக்கட்டுகளும் ஆடுகின்றன. நிஸ்தார் இரண்டு வருடமாக எழுதி எழுதி அனுப்புகிறார். போன நோன்புக்குக் கொஞ்சம் முந்தி, பிளட் பிரஷர் விழுந்த ஒரு நோயாளியை அம்புலன்சில் மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வாசல் தாண்டுவதற்குள் பம்பு நின்றுவிட்டது. கூடப் போன றெஜினா சிஸ்டர் ஊசியைக் கழற்றிக் கையில் எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருவிரலால் தள்ளிக்கொண்டே மட்டக்களப்பு வரை போனார். நோயாளி பிழைத்தார். சிஸ்டரின் பெருவிரல் இரண்டு நாள் வேலைக்கு உதவவில்லை.

அதன் பிறகு ஹாஜியார் பெற்றரிக்கும் சொக்கட்டுக்கும் ஆட்களிடம் நன்கொடை சேர்த்தார். சேர்ந்த நேரத்தில்தான் கம்பனி வந்தது. கொழும்புக் கம்பனி. வந்தவர் பெயர் பர்ஹான், நம்ம பக்கத்துப் பிள்ளை, நல்ல பேச்சு. வார்டின் சுவரில் ஒரு வெள்ளைத் தட்டுப் பூட்டுவார்கள். அதிலிருந்து காதுக்குக் கேட்காத சத்தம் காற்றில் வரும். பம்பில் ஒட்டிய சின்னப் பெட்டி அதைப் பிடித்துக் கரண்ட் ஆக்கிப் பெற்றரிக்கு ஊட்டும். வயர் வேண்டாம், சொக்கட் வேண்டாம். எந்த நேரமும் பெற்றரி நிறைந்தே இருக்கும். பழைய பெற்றரியே போதும்.

இதை முதலில் கேட்டபோது நான் வடையை வைத்துவிட்டேன்.

ஹாஜியாருக்குப் பிடித்துவிட்டது. "கிழக்கிலயே முதலாவது வயர் இல்லாத வார்ட். பேப்பரில வரும்" என்றார். பெற்றரிக்குச் சேர்த்ததை இதற்கே மாற்றுவது என்று கிட்டத்தட்ட முடிவு. ஆலோசகரின் கையெழுத்து ஒன்று மட்டும் பாக்கி. படிவத்தில் கம்பனியே வசனத்தை அடித்துக் கொண்டுவந்திருந்தது: "தொழில்நுட்ப ரீதியில் பூரண திருப்தி." கீழே புள்ளிக் கோடு.

காற்றுக்குள் அது போகாதே என்று நான் சொன்னேன். பர்ஹான் சிரித்தார்.

"சேர், நீங்க சொல்ற பிசியோ மெசின் வேற. அதுட அதிர்வு மிச்சம் வேகம், காத்தில செத்துப் போகும். எங்கடது அதவிட மெதுவா அதிர்ற. காரில ரிவர்ஸ் எடுக்கக்குள்ள பீப் பீப் எண்டு கேக்குமே, அந்த வகை. அது காத்துக்குள்ளாலதானே போகுது?"

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த வகைச் சத்தம் காற்றில் போகும். பின்னால் சுவர் இருக்கிறது என்று சொல்லும். ஆனால் செய்தி சொல்வது ஒரு வேலை, சக்தி கொடுப்பது வேறு வேலை. மீன்காரன் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். வீட்டுக்கு வீடு கதவு திறக்கும், பூனையும் வரும். அந்த ஹோர்னில் இதுவரை யாரும் மீன் பொரித்ததில்லை. இதை அப்படியே சொன்னேன். சபை சிரித்தது, கூட்டத்துக்கு வந்திருந்த றெஜினா சிஸ்டரும் நிஸ்தாரும் சேர்ந்துதான். பர்ஹானும் சிரித்தார். சிரித்துவிட்டு, "அப்ப காட்டுறன்" என்றார்.

மேசையில் தட்டை நிறுத்தினார். இரண்டு முழம் தள்ளி, இன்னொரு மேசையில், தன் போனைக் கம்பனியின் பெட்டியில் செருகி வைத்தார். பொத்தானை அழுத்தினார். போன் திரையில் மின்னல் அடையாளம் வந்தது. சார்ஜ் ஏறுகிறது. கை தட்டினார்கள். ஹாஜியார் எழுந்து நின்று தட்டினார்.

"இப்ப என்ன சேர் சொல்றீங்க?"

நான் சட்டைப் பையில் கை வைத்தேன். அருளானந்தம் சேர் மவுத்தாகி, அடக்கம் செய்து, வருடங்கள் போய்விட்டன. ஆனால் ஒரு சுருள் பிளாஸ்டர் எப்போதும் என் பையில் கிடக்கும். ஒரு துண்டு கிழித்தேன். போனில் அந்த மின்னல் அடையாளத்தின் மேல் ஒட்டினேன்.

"இது என்ன வேல?" என்றார் ஹாஜியார்.

"இந்த அடையாளம் போனுக்குள்ள கரண்ட் எட்டிப் பாத்திச்சு எண்டுதான் சொல்லுது ஹாஜியார். எவ்வளவு வந்திச்சு எண்டு சொல்லாது. பக்கத்தில நம்பர் இரிக்கி. இப்ப நாப்பத்தாறு. அசருக்கு நேரம் வந்திட்டு. எல்லாரும் தொழுதிட்டு வருவம். சிஸ்டரும் நிஸ்தாரும் இதுக்குக் காவல் இரிக்கட்டும். ஒரு மணித்தியாலம் போகட்டும், மறுகா பாப்பம்."

நிஸ்தார், "நான் பொறகு தொழுறன் சேர்" என்றார். பர்ஹான், இது சின்ன மாதிரி, பெரிய மெசினில் இன்னும் கூட வரும் என்றார். கூட எவ்வளவு என்று கேட்டேன். அது கம்பனியின் இரகசியம் என்றார்.

திரும்பி வந்தோம். போன் நாற்பத்து நான்கு காட்டியது.

சார்ஜ் ஏறுகிறது என்று சபைக்குக் காட்ட, ஒரு மணித்தியாலமும் திரை எரிந்துகொண்டே இருந்தது. ஏறியதைவிட, ஏறுகிறது என்று காட்டியதற்குச் செலவானதுதான் அதிகம். தட்டின் முதுகில் கை வைத்தேன். தோசை சுட்டு இறக்கிய சட்டி மாதிரிச் சூடாக இருந்தது. சுவரில் எடுத்த கரண்ட் போன இடம் அதுதான். ஹாஜியாரையும் கை வைக்கச் சொன்னேன். வைத்தார், எடுத்தார்.

றெஜினா சிஸ்டர் கேட்டார். "தம்பி, வார்டில கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில நாங்க நிப்பம். பாக்க வாற சனம் நிக்கும். திரைச்சீலை இரிக்கி. ஆள் குறுக்க நிண்டா என்ன நடக்கும்?"

பர்ஹான் பதில் சொல்வதற்குள் ஹாஜியாரே எழுந்து தட்டுக்கும் போனுக்கும் நடுவில் நின்றார். அவர் பருத்த ஆள். நிஸ்தார் பிளாஸ்டரைத் தூக்கிப் பார்த்தார். மின்னல் அடையாளம் இல்லை.

"நான் நிண்டா வராதா?" என்றார் ஹாஜியார். கோபமா, கவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆரு நிண்டாலும் வராது ஹாஜியார்" என்றார் சிஸ்டர். "நீங்க நிண்டா கொஞ்சம் கூட வராது."

இந்த முறை பர்ஹான் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் புதிய மாதிரி வரும், அதில் இந்தக் குறைகள் இருக்காது, இன்று கையெழுத்து வைத்தால் முதல் ஆஸ்பத்திரி என்ற சலுகை உண்டு என்றார். அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவருக்குச் சம்பளம் தருகிறார்கள், அவர் நம்புகிறார். எனக்குக் கோபம், பெரிய மெசின் வைத்துவிட்டு, நம்பாதவனைக் கேவலமாகப் பார்க்க வைக்கிறவர்கள் மேல். கொழும்பில் ஏசி அறையில் இருந்துகொண்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்க்காமல், இதற்குப் பணம் போடுகிறவர்கள் மேல். ஒரு அடையாளம் மின்னியதும் கை தட்டுகிற எங்கள் மேலும்தான்.

ஹாஜியார் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நான் கொழும்பில சொல்லிட்டன். ஆக்கள் வரப் போறாங்க. சின்னக் குறை இரிந்தா பொறகு பாப்பம். ஒரு சரி போட்டுத் தாங்களன்."

அங்கேதான் நான் எழுந்து போனேன் என்று ஊரில் சொல்கிறார்கள். போகவில்லை. பேனையைக் கேட்டு வாங்கினேன். "பூரண திருப்தி" என்ற வசனத்தை ஒரு கோட்டால் வெட்டினேன். அதன் கீழே எழுதினேன்:

"தட்டுக்கு முன் இரண்டு முழம் தள்ளிப் போனை வைத்தார்கள். அப்போது நாற்பத்தாறு. ஒரு மணித்தியாலம் கழித்து நாற்பத்து நான்கு. தட்டின் முதுகு கை வைத்திருக்க முடியாத சூடு. நடுவில் ஒரு ஆள் நின்றதும் அடையாளம் மறைந்தது. பம்பு எதையும் இது ஓட்டியதை நான் காணவில்லை."

கீழே கையெழுத்து வைத்தேன். கையெழுத்து வைக்க மறுத்தேன் என்பது பொய். அதன் பிறகு அசருக்குப் போட்ட தேத்தண்ணி ஆறியிருந்தது. குடித்துவிட்டுத்தான் போனேன்.

இரண்டு கிழமை ஹாஜியார் என்னோடு பேசவில்லை. பள்ளியில் ஸலாமுக்கு மட்டும் பதில் சொன்னார், அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. கொமிசன் கதை அந்த நாட்களில்தான் கிளம்பியது. அவர் கிளப்பியதாக நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது கிழமை நிஸ்தார் போன் எடுத்து, ஹாஜியார் சேர்த்த காசில் பெற்றரிகள் வந்து இறங்கிவிட்டன என்றார். கம்பனி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று தெரியாது. அந்த ஊரில் யாராவது ஒருவர் இதைப் படித்தால் நல்லது.

பெற்றரி மாற்றிய முதல் பம்பைப் பார்க்க என்னையும் வரச் சொன்னார் நிஸ்தார். காலை ஒன்பது மணிக்குப் போனேன். ஊசியில் மருந்துக்குப் பதில் தண்ணீர் ஏற்றியிருந்தார். நான் சொல்லாமலே விளக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினோம். பம்பு ஓடியது. சொட்டு விழுந்தது. பத்து மணிக்கும் விழுந்தது. பதினொன்றுக்கும் விழுந்தது.

"போதும் சேர். வேல செய்யுது. எழுதிருவமா?"

"நிக்கட்டும் பாப்பம்" என்றேன்.

றெஜினா சிஸ்டர் இடையில் வந்து, பம்பைப் பார்த்தார், தன் பெருவிரலைப் பார்த்தார், போனார்.

நடுப்பகல் ளுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறையின் மூலையில் ஒரு பேசினில் தண்ணீர் இருந்தது. நிஸ்தார் அதை என் பக்கம் நகர்த்தி, "இதில ஒழுச் செய்ங்க சேர், பள்ளியில வரிசை நீளம்" என்றார்.

வேண்டாம் என்றேன். அவரைப் பம்புக்குப் பக்கத்தில் இருத்தி, சொட்டு நிற்கிற நேரத்தை எழுதச் சொல்லிவிட்டு, பள்ளிக்கு நடந்தேன். ஹவுளில் எனக்கு முன் பதினொரு பேர் நின்றார்கள்.